ஸ்டியரிங் இல்லாத வண்டி

தமிழ் விமர்சனத்தில் ‘பொழுதுபோக்கு’ என்பது ஒரு வசைச்சொல். ஒரு நாவலைப் பற்றி ‘நல்ல பொழுதுபோக்கு’ என்று எழுதிவிட்டால், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். சிறுபத்திரிகைக்காரர்கள் இந்தச் சொல்லை அப்படிக் கூர்தீட்டி வைத்தார்கள். வணிகப் பத்திரிகைத் தொடர்கதைகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு ஏதாவது ஒரு ஆயுதம் வேண்டும்தானே. ஆனால் இதில் ஒன்று கைநழுவிப் போனது. ஒரு மனிதர் யாரும் கேட்காமல், காசு வராமல், வேலை முடிந்த பிறகு தனக்கென்று செய்துகொள்கிற காரியத்தில் என்னதான் நடக்கிறது என்று கவனித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவேயில்லை. ஹாபி என்றால் ஸ்டாம்ப் சேர்ப்பது. பயோடேட்டாவில் கடைசிக்கு முந்தின வரி. அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அப்படி ஒரு காரியத்தைப் பற்றியது. ஸ்லாட் கார் பந்தயம். அதை ஒரு பிரதியைப் போல வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். துணைக்கு ஆறே அடி கொண்ட ஒரு குறுந்தொகைப் பாட்டு இருக்கிறது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். முதலில் வண்டியைப் பார்த்துவிடுவோம்.

ஒரு மேஜை. அதன் மேல் வளைந்து வளைந்து ஓடும் ஒரு பாதை. பாதையின் நடுவே நீளமாக ஒரு பள்ளம். பள்ளத்தின் இரு பக்கமும் மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை. உள்ளங்கை நீளக் காரின் மூக்குக்கு அடியில் ஒரு சின்ன நாக்கு உண்டு. அது பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும். நாக்கின் இரண்டு பக்கமும் தாமிர இழைப் பின்னல், பட்டையைத் தொட்டு உரசிக்கொண்டே வரும். மின்சாரம் மோட்டாருக்குப் போகும், மோட்டார் பின்சக்கரத்தைச் சுழற்றும். உங்கள் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கண்ட்ரோலர். விசையை அழுத்தினால் வேகம், விட்டால் நிற்கும். முடிந்தது. ஸ்டியரிங் கிடையாது, கியர் கிடையாது, ஹாரன்கூடக் கிடையாது. எங்கே போவது என்பதைப் பள்ளம் முடிவு செய்துவிட்டது. எவ்வளவு என்பது மட்டும் உங்களுடையது. வளைவில் அந்த ‘எவ்வளவு’ கொஞ்சம் தப்பினால், வண்டி பள்ளத்தை விட்டுப் பறந்துபோய்த் தரையில் கவிழ்ந்து கிடக்கும்.

‘ஸ்லாட்’டுக்குத் தமிழில் என்ன என்று நான் யோசித்ததில்லை. கடமலைக்குண்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடி ரூமுக்கு எட்டுக்கு நாலு எம்.டி.எஃப். பலகையில் ஒரு பாதை வெட்டித் தரச் சொல்லி, கதவு ஜன்னல் செய்கிற ஆசாரி ஒருவரிடம் போனேன். படம் வரைந்து, 3 மில்லி அகலம், 8 மில்லி ஆழம் என்று விளக்க ஆரம்பிக்கும்போதே அவர் நிறுத்தினார். “காடி எடுக்கணும். அதான?” காடி. எவ்வளவு கச்சிதமான சொல்! கதவுச் சட்டத்தில் கண்ணாடி உட்கார எடுப்பதும் காடிதான். என் டீமில் இருக்கிற ஹிந்திக்காரப் பையனிடம், எங்களூரில் இந்தக் கார் காடியில் ஓடும் என்று சொன்னால், காடியில் காடியா என்று சிரிக்கிறான். அது வேறு கதை. ஆசாரி ரூட்டர் மிஷினை வைத்து ரெண்டு நாளில் காடி எடுத்துக் கொடுத்தார். காடியின் கரையில் தாமிர டேப்பை ஒட்டுவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆனது. பாதையை எட்டு வடிவத்தில் போட்டிருக்கிறேன். வட்டமாகப் போட்டால் உள்பக்கத்துப் பாதை குட்டையாகிவிடும். எட்டில் உள்பக்கம் வெளிப்பக்கமாகி, வெளிப்பக்கம் உள்பக்கமாகி, ரெண்டும் சமமாகிவிடும். ஆர்.டி.ஓ. ஆபீசில் லைசென்சுக்கு எட்டு போட்டவர்கள் எல்லோருக்கும் இதன் வளைவு கைக்குத் தெரிந்திருக்கும்.

கொஞ்சம் வரலாறு. மின்சாரத்தில் ஓடும் பந்தயக் கார் பொம்மையை அமெரிக்காவின் லயனல் கம்பெனி 1912இலேயே விற்றது. சில வருடங்களில் அது நின்றுபோனது. இன்றைக்கு நாம் பார்க்கும் உருவம் இங்கிலாந்தில் பிறந்தது. மினிமாடல்ஸ் என்ற கம்பெனியை நடத்திய ஃபிரெட் பிரான்சிஸ் 1952 முதல் ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் ஸ்பிரிங் முறுக்கில் ஓடும் தகரக் கார்களை விற்றுக்கொண்டிருந்தார். முறுக்கி விட்டுவிட்டால் அதற்கப்புறம் வேடிக்கை பார்ப்பதைத் தவிர ஒரு வேலையும் கிடையாது. அதே கார்களுக்குள் மோட்டாரை வைத்து, பள்ளத்தில் இறக்கி, விசையைக் கையில் கொடுத்தார். 1957இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் வந்தது. பெயரின் பின்பாதி எலெக்ட்ரிக். அடுத்த வருடமே கம்பெனியை லைன்ஸ் பிரதர்ஸுக்கு விற்றுவிட்டார். ஜெர்மனியின் கரேரா 1963இல் வந்தது. அறுபதுகளின் நடுவில் அமெரிக்க ஊர்களில் பெரிய பெரிய ஸ்லாட் கார் கூடங்கள் காளான் மாதிரி முளைத்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மூடப்பட்டன. மிச்சமிருந்தவர்கள் பாதையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இன்றைக்கு இது பெரும்பாலும் வீட்டு விளையாட்டுதான். மாடி, கார் ஷெட், கட்டிலுக்கு அடி.

இந்த விளையாட்டுக்காரர்கள் தங்களுக்காக வாதாடும்போது இரண்டு நியாயங்கள் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே ஒப்புதல் இல்லை.

முதல் நியாயம்: ‘நிஜம் போலவே.’ 32இல் ஒரு பங்கு அளவு, ஒரிஜினல் பெயிண்ட், ஓட்டுநரின் ஹெல்மெட்டில் இருக்கும் கோடு வரைக்கும் சரியாக இருக்கிறது. இருக்கட்டும். ஓடத் தொடங்கியதும் இதில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. இந்த நியாயத்தின் உச்சத்தை 2009இல் ஜேம்ஸ் மே செய்து காட்டினார். இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் 1907இல் திறந்த பந்தயத் தளம். 1939க்குப் பிறகு அங்கே பந்தயம் இல்லை. தளத்தின் பல பகுதிகள் வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் ஆகிவிட்டன. பழைய பாதையின் தடத்திலேயே, கிட்டத்தட்ட அதன் முழு நீளத்துக்கும், நாலரைக் கிலோமீட்டருக்குக் குறையாமல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் துண்டுகளைப் பூட்டி ஓட்டினார்கள். கின்னஸ் சாதனை. அந்த நிகழ்ச்சியில் என்னைத் தொட்டது சாதனை அல்ல. குறுக்கே குளம் வருகிறது, தோட்டம் வருகிறது, ரோடு வருகிறது. நிஜக் கார் இனி ஒருநாளும் போக முடியாத அந்தத் தடத்தில் பொம்மை போய்க்கொண்டிருக்கிறது. இங்கே பொம்மை எதையும் போலச் செய்யவில்லை. இல்லாமல் போன ஒன்றின் மேல் விரல் வைத்து வரைந்துகொண்டு போகிறது. நிகழ்ச்சி இதைக் கண்டுகொள்ளாமல் கைதட்டி முடித்துவிட்டது என்பதுதான் அதன் மேல் என் புகார்.

இரண்டாவது நியாயம்: வேகம். ‘அளவுப்படி மணிக்கு 350 கிலோமீட்டர்’ என்பார்கள். என் மேஜையில் கார் நேர்பாதையில் வினாடிக்கு மூன்று மீட்டர் போகும் என்று வையுங்கள். 32ஆல் பெருக்கினால் 96 மீட்டர்; மணிக்கு ஏறக்குறைய 345 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. காரைச் சுருக்கலாம், பாதையைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. ஒரு பொருள் எப்போது சறுக்கும், எப்போது கவிழும் என்பதை நிஜ அளவோடு ஒப்பிட வேண்டுமானால் 32ஆல் அல்ல, 32இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். அது 5.66. ஆக வினாடிக்கு 17 மீட்டர், மணிக்கு 61 கிலோமீட்டர். கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் விட்டுச் சோதிப்பவர்கள் போடுகிற கணக்கு இது. வருசநாட்டு ரோட்டில் காலை பஸ் கொஞ்சம் லேட்டானால் போகிற வேகம். எனக்கு இந்த எண் பிடித்திருக்கிறது. 345இல் ஒரு விளம்பரம் இருக்கிறது, 61இல் ஒரு வளைவு இருக்கிறது.

வேகத்தைத் துரத்தியவர்கள் செய்த இன்னொரு காரியம் காந்தம். எழுபதுகளின் நடுவில் அரோரா கம்பெனி தன் கார்களைக் காந்த விசையால் பாதையோடு இழுத்துப் பிடிக்க வைத்தது. இன்று கடையில் வாங்குகிற வீட்டு ஸ்லாட் கார்களில் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரு காந்தத் துண்டு இருக்கும். பாதையில் இருக்கும் இரும்புப் பட்டையை அது கவ்விக்கொள்ளும். வளைவில் முழு விசையில் போகலாம், விழாது. விழும்போது எச்சரிக்கையே இல்லாமல் பறக்கும். காந்தம் மோசமான படத்தின் பின்னணி இசை மாதிரி. எங்கே அழ வேண்டும் என்று அதுவே முடிவு செய்து உங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காந்தத்தைக் கழற்றிவிட்டால் வேகம் சட்டென்று குறையும். அதற்குப் பதிலாகக் காரின் பின்பாகம் வளைவில் மெல்ல வெளியே சறுக்குவதைப் பார்க்கலாம். அந்தச் சறுக்கல்தான் இந்த விளையாட்டின் மொழி. கார் உங்களோடு பேசத் தொடங்குவது அங்கேதான். ஆசாரி வெட்டிய பலகையில் இருப்பது தாமிரம். காந்தத்துக்கு அங்கே வேலை இல்லை.

சரி, பாட்டுக்கு வருகிறேன்.

சங்கப் பாடல்களில் சிறுவர் வண்டி சில இடங்களில் வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒருவரே இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார். பட்டினப்பாலையில் காயப்போட்ட உணவைக் கொத்தவரும் கோழியை நோக்கி ஒரு பெண் தன் கனத்த காதணியைக் கழற்றி வீசுகிறாள். அது சிறுவர்கள் உருட்டும் குதிரையில்லாத மூன்று சக்கரத் தேருக்கு வழிமறித்துக் கிடக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்ல வந்த இடம். ஆனால் பாதையில் கிடக்கும் ஒரு தங்கத் துண்டு பொம்மைக்கு வெறும் தடைதான் என்பதையும் கவிஞர் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். இழைப்பின்னலில் ஒரு இலவம்பஞ்சு நார் சுற்றிக்கொண்டு கார் நின்றுபோகும் சித்திரை மாதத்து மதியங்களில் எனக்கு இந்தக் காதணி ஞாபகம் வரும். கடமலை மயிலைப் பக்கம் இலவு வெடிக்கும் பருவத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து யாரும் ஸ்லாட் கார் ஓட்ட முடியாது. பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு தேர் வருகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படியாகச் செய்த, ஏறிப் போக முடியாத தேர் என்று அதை வாசிக்கலாம். அதை உருட்டுவது வளமான உழவர் வீட்டுப் பிள்ளைகள். செய்கிறவன் வீட்டுப் பிள்ளை ஆசைப்பட, வாங்குகிறவன் வீட்டுப் பிள்ளை விளையாடும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

நான் சொல்ல வந்த பாட்டு இவை இரண்டுமல்ல. குறுந்தொகையின் 61ஆம் பாட்டு, தும்பிசேர்கீரனார் எழுதியது. மருதத் திணை. தலைவன் பரத்தை வீட்டில் இருக்கிறான். அவன் தூதாக அனுப்பிய ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். அவர்களிடம் தோழி பேசுகிறாள். தச்சன் செய்து தந்த சின்னக் குதிரை வண்டியில் பிள்ளைகள் ஏறிப்போய்ச் சந்தோஷப்பட முடியாதுதான். ஆனாலும் கையால் இழுத்துச் சந்தோஷப்படுகிறார்கள். அதுபோல எங்களுக்கும் அவனோடு சேர்ந்திருக்கிற சந்தோஷம் இல்லைதான். ஆனாலும் அவன் மேல் வைத்த உறவாலேயே சந்தோஷமாக இருக்கிறோம், எங்கள் வளையல்கள்கூடக் கழலாமல் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. இவ்வளவுதான் பாட்டு.

இதைப் பெருந்தன்மையாக வாசிக்கலாம். கிடைத்ததில் நிறைவு காண்கிற மனசு என்று. பலர் அப்படித்தான் கடந்து போகிறார்கள். கசப்பாகவும் வாசிக்கலாம்: போய்ச் சொல்லுங்கள், உங்கள் ஆள் வராமலே நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். கதவைச் சாத்தும் பேச்சு. வளையலைப் பற்றி யாரும் கேட்காதபோது அவள் ஏன் அதைச் சொல்ல வேண்டும்? மெலியவில்லை என்று ஒருவர் தானாக வந்து சொன்னால் நாம் முதலில் அவர் கையைத்தான் பார்ப்போம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தலைவனை அவள் குறிப்பிடும்போது நல்ல தேருக்குச் சொந்தக்காரன் என்கிறாள். பாட்டில் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று பிள்ளைகள் கையில் இருக்கும் பொம்மை. மற்றது நிஜத் தேர், இன்னொரு வீட்டு வாசலில் நிற்கிறது.

‘ஆயினும்’ என்ற சொல் இந்தச் சின்னப் பாட்டில் இரண்டு முறை வருகிறது. பாட்டின் அச்சாணி அதுதான். ஆயினும் என்று ஒருவர் சொல்லும்போது, சொல்லாமல் விட்ட இழப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ‘இது அதற்குச் சமம்’ என்று அவள் சொல்லவில்லை. ‘இது அதைவிடக் குறைவு’ என்றும் சொல்லவில்லை. வேறு ஒன்றைச் சொல்கிறாள்: கையால். ஏறிப் போகும்போது வண்டி உன்னைச் சுமக்கிறது. இழுக்கும்போது நீ வண்டியைச் சுமக்கிறாய். வேலை செய்யும் திசையே மாறிவிடுகிறது. ஆகவே பொம்மை வண்டி பெரிய வண்டியின் குட்டி அல்ல. அதன் முகஜாடையை மட்டும் வாங்கிக்கொண்டு எதிர்த்திசையில் போகும் இன்னொரு பொருள். ‘நிஜம் போலவே’ என்று பெட்டியில் அச்சடிக்கிறவர்களுக்கு இது தெரியாது, தோழிக்குத் தெரிந்திருக்கிறது.

பிள்ளைத்தமிழில் சிறுதேர்ப் பருவம் ஆண்பாலுக்கு மட்டும்தான். பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும். ஸ்லாட் கார் பெட்டிகளின் பழைய அட்டைப் படங்களிலும் அப்பாவும் பையனும்தான் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அப்படியிருக்க, பொம்மை வண்டியின் இன்பம் என்ன வகை இன்பம் என்று யோசித்துச் சொன்ன குரல், நான் வாசித்தவரையில், ஒரு பெண்ணின் குரல். என் அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். பத்து வயது. “மாமா, அந்தப் பாட்டுல வண்டி ஓட்டுறது பசங்கதானே, அவங்க சும்மா பேசத்தானே செய்றாங்க” என்றாள். எனக்குப் பதில் இல்லை. விமர்சனம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

என் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். தேங்காய் லோடு, இலவங்காய் லோடு, சில காலம் செங்கல். மயிலாடும்பாறை, வருசநாடு ரோட்டில் எந்தப் பாலத்துக்கு முன்னால் எந்தக் கியர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சர்க்கரை அவர் கண்ணைத் தின்ன ஆரம்பித்து ஏழெட்டு வருடம் ஆகிறது. இப்போது வெளிச்சமும் நிறமும் தெரியும், ஓரங்கள் தெரியாது. கடைசியாக வண்டி ஓட்டியது எப்போது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

மாடியில் பலகையைப் போட்ட அன்றைக்கு மேலே வந்து, தடவிப் பார்த்து, காடிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“ஸ்டேரிங்கு எங்கடா?”

“இதுக்குக் கிடையாதுப்பா.”

“ஸ்டேரிங் இல்லாம என்னடா வண்டி அது?”

விமர்சகராகச் சொல்கிறேன், ஸ்லாட் காரைப் பற்றிக் கேட்கக்கூடிய ஒரே சரியான கேள்வி அது. மற்றதெல்லாம் விலைப் பட்டியல். பதில் என்னிடமிருந்து வரவில்லை. துணி எடுக்க மேலே வந்த அம்மாவிடமிருந்து வந்தது. “ஏங்க, தேருக்கு ஏது ஸ்டேரிங்கு? வீரபாண்டித் தேரு ஓடலயா?”

வீரபாண்டி கௌமாரியம்மனின் சித்திரைத் திருவிழாத் தேரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆயிரம் பேர் வடம் பிடிப்பார்கள். அவர்களால் தேரை நகர்த்தத்தான் முடியும். திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலைந்து பேர். எந்தச் சக்கரத்தை எப்போது தடுப்பது என்பதிலேயே அத்தனை உயரத் தேர் வீதி முனையில் திரும்புகிறது. பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் காரியத்தைக் கெடுப்பது. தேர் வீதியில் அதுதான் காரியம். ஸ்லாட் காரிலும் அப்படித்தான். நல்ல கண்ட்ரோலரில் விசையை விட்டதும் மோட்டாரின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அந்த நொடியில் ஜெனரேட்டராக மாறித் தன்னைத்தானே இழுத்து நிறுத்தும். புதிதாக வருபவர்கள் அழுத்தக் கற்கிறார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் விடக் கற்றவர்கள். விடுவது எங்கே, எவ்வளவு நேரம் என்பதுதான் ஆட்டம்.

அப்பா உட்கார்ந்தார். முதல் கால் மணி நேரம் வளைவுக்கு வளைவு விழுந்தது. அவருக்குக் கார் கண்ணில் படுவது பலகையின் நடுப்பகுதியில் மட்டும்தான் என்று தோன்றுகிறது. ஒரு சிவப்புக் கறை வந்து போகும். அப்புறம் அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார். லாரிக்காரர்கள் இஞ்சின் கேட்பதற்குச் சாய்ப்பது போல. மோட்டாரின் கீச்சு, நேர்பாதையில் ஏறும்; வளைவு நெருங்கும்போது பலகையின் இணைப்பில் சக்கரம் ஒரு ‘டக்’ கொடுக்கும். அந்த ‘டக்’கில் விரலை எடுத்தார். கார் பின்னால் லேசாகச் சறுக்கித் திரும்பி நேரானது. அக்கா மகள் கைதட்டினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

விளையாட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெரிய குறை, இதில் முந்துவது என்பது உண்மையில் இல்லை. இரண்டு காடிகள் ஒருநாளும் சேராது. பக்கத்துக் கார் உங்கள் வழியில் வராது, நீங்கள் அதன் வழியில் போக முடியாது. எங்கள் பக்கம் திருவிழாவுக்கு ரோட்டில் மாட்டு வண்டிப் பந்தயம் விடுவார்கள். தேன்சிட்டு, தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு என்று பிரிவுகளின் பெயர்களே ஒரு கவிதைத் தொகுப்பு போலிருக்கும். அங்கே பந்தயம் என்பதே வண்டிக்கு வண்டி வழிமறிப்பதும் இடைவெளி பார்த்து நுழைவதும்தான். அதோடு வைத்துப் பார்த்தால் ஸ்லாட் கார் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத் தேர்வு எழுதுவது மாதிரி. 2004 வாக்கில் டிஜிட்டல் பாதைகள் வந்தன. பட்டனை அழுத்தினால் கார் காடி மாறும். குறை தீர்ந்தது என்றார்கள். நான் நண்பர் ஒருவர் வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் பட்டன் வந்ததும் கவனம் எதிராளியின் மேல் போய்விடுகிறது; வளைவு வெறும் இடமாகிவிடுகிறது. எனக்கு வளைவு வேண்டும்.

தேர்வு எழுதுவது மாதிரி என்றேன், ஒரு திருத்தம். கிளப்களில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் சுற்று முடிந்ததும் நீங்கள் வளைவில் போய் நிற்க வேண்டும். அடுத்தவர்களின் கார் விழுந்தால் எடுத்து மறுபடி காடியில் வைக்க வேண்டும். மார்ஷல் என்று பெயர். உங்களைத் தோற்கடித்தவனின் காரையும் அதே வேகத்தில் எடுத்து வைக்க வேண்டும் என்பது எழுதாத விதி. எங்கள் வீட்டில் அம்மா நிரந்தர மார்ஷல். கீரை ஆய்ந்துகொண்டே எடுத்து வைப்பார்.

இதை விளையாட்டு என்பதா பொம்மை என்பதா? ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பட்டியல் இதற்கு ஒரு முடிவு வைத்திருக்கிறது. மின்சார ரயில் பொம்மைகள் 9503ஆம் தலைப்பில், பொம்மைகளோடு. போட்டித் தன்மையுள்ள மின்சாரக் கார் பந்தய செட் 9504இல், பில்லியர்ட்ஸ், சீட்டுக்கட்டு, வீடியோ கேம் பக்கத்தில். ரயிலை ஓட்டினால் பிள்ளை, காரை ஓட்டினால் சூதாடி. குமாஸ்தாக்கள் சில சமயம் அழகியலாளர்களைவிடக் கூர்மையாகப் பிரிக்கிறார்கள். என் கட்சி 9503. எங்கள் பலகையில் நடப்பதை நான் போட்டி என்று சொல்ல மாட்டேன்.

ஏழையின் மாற்று என்ற பேச்சும் உண்டு. நிஜப் பந்தயத்துக்கு வசதி இல்லாதவன் பொம்மையில் ஆற்றிக்கொள்கிறான் என்று. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி ஃபார்முலா 4 ஓடியபோதும், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோதும் என் ஆபீஸ் நண்பர்கள் இதையேதான் சொன்னார்கள்: “நீ மாடியில ஓட்டு.” ஆனால் வசதிக்குள் அடங்கிச் செய்கிறவர்களின் வரலாறு வேறு மாதிரியும் இருக்கிறது. கோயம்புத்தூரின் கரிவரதன் மாருதி 800இன் இஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை உருவாக்கினார். வெளிநாட்டுக் காருக்குக் காத்திருக்கவில்லை. அது ஆற்றிக்கொள்ளல் அல்ல. சூத்திரகரின் மிருச்சகடிகத்தில் ஒரு பிள்ளை மண்வண்டி வேண்டாம், பக்கத்து வீட்டுப் பொன்வண்டிதான் வேண்டும் என்று அழுகிறது. வசந்தசேனை மனமிரங்கித் தன் நகைகளைக் கழற்றி மண்வண்டியில் நிரப்புகிறாள். பிறகு அந்த நகைகள் நீதிமன்றத்தில் சாட்சியாகி, பிள்ளையின் தகப்பனைக் கொலைக்களம் வரை கொண்டுபோகின்றன. பொம்மையில் அதன் விலையைவிடக் கனமான ஒன்றை ஏற்றினால் என்ன ஆகும் என்பதை இதைவிடக் கடுமையாக யாரும் எழுதிவிட முடியாது.

அதனால்தான் எனக்கு அப்பாவின் விஷயத்தில் ஒரு தயக்கம் இருக்கிறது. அவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே வருகிறார். எண்ணினால் இருபது சுற்று வரை விழாமல் ஓட்டுகிறார். “எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்கு” என்பார். இந்தத் ‘தான்’ என்னை விடமாட்டேன் என்கிறது. தோழியின் ‘ஆயினும்’ போல அதற்குள்ளும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நிறைவா, கதவைச் சாத்துவதா? என் மேஜையில் நான் எதை ஏற்றி வைத்திருக்கிறேன், காரையா, அவருடைய லாரியையா? பாட்டை எத்தனை முறை வாசித்தாலும் தோழியின் முகம் தெரிவதில்லை. வாசலில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி பேசுகிறாள், அவ்வளவுதான் தெரிகிறது. நல்ல தேர் இன்னும் அடுத்த தெருவில்தான் நிற்கிறது.

போன வாரம் அக்கா மகள் பழைய பிளாஸ்டிக் பாதையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் பூட்டினாள். இரும்புப் பட்டை, காந்தக் கார். தாத்தாவுக்கு ஈஸியாக இருக்கும், விழவே விழாது என்று அவளுடைய கணக்கு. அப்பா ரெண்டு சுற்று ஓட்டினார், முழு விசையில். கார் ஒட்டிக்கொண்டு சர்ரென்று போனது. கண்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

“ஒட்டிப் புடிச்சிட்டுப் போகுது ஆத்தா. நாம ஓட்டுற மாதிரியே இல்ல. பலகையிலயே ஓட்டுவோம்.”